மோட்டார்ச் சிற்றேடும் ஒரு சுவடியே

கல்வி, சமயம், தமிழ் என்னும் பெரும்பொருள்களுக்கு நடுவே, விழா மலரொன்றில் மோட்டார் வண்டி விளம்பரக் கடுதாசியைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என்று அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. கொழும்பிலே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் மேசை இழுப்பறைகளில் ஒருகாலத்தில் ஒன்றிரண்டாவது கிடந்த அக்கடுதாசிகள் ஆண்டுதோறும் அழிந்து வருகின்றன. அவை அழியுமிடத்து, அவற்றிலிருந்து மட்டுமே அறியத்தக்க சில செய்திகளும் உடன் அழியும். வேறெவரும் அவற்றைப் பேணப் போவதில்லை. ஆதலின் நாமே பேணல் வேண்டும்.

இளைய மாணவர்க்காக, அஃது இன்னதென முதலிற் கூறிவிடுகின்றேன். இன்று புதிய காரொன்றின் விபரத்தை அறிய விரும்புவோன் கைத்தொலைபேசியை எடுக்கின்றான். 1950களில் அவன் முகவர் கம்பனியின் காட்சிச்சாலைக்குச் சென்று, மேசைமீது அடுக்கி வைத்திருக்கும் வழுவழுப்பான வண்ணச் சிற்றேடொன்றை இலவசமாகப் பெற்றுவருவான். சில, நான்காக மடித்த ஒற்றைத் தாள்; சில, பன்னிரண்டு பதினாறு பக்கங் கொண்டவை. முன்பக்கத்தில் கார், உள்ளே இருக்கைகளும் இயந்திரமும், கடைசிப் பக்கத்தில் நீளம், அகலம், நிறை, குதிரைவலு, ரயர் அளவு முதலியன அடங்கிய அட்டவணை, அதற்குக் கீழே, முகவர் தம் பெயரை இறப்பர் முத்திரையாற் பதிப்பதற்கென விடப்பட்ட வெற்றிடம். “கற்றலொக்” என்றே எம்மவர் அதனை வழங்கினர்.

இவற்றைச் சட்டம் காக்கவில்லையா என்று கேட்கலாம். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் சேர்ப்பிக்குமாறு விதித்தது. செய்தித்தாள்களும் அவ்வாறே சேர்ந்தன. 1930இல் தொடங்கிய வீரகேசரியிலோ 1932இல் தொடங்கிய தினகரனிலோ வந்த மோட்டார் விளம்பரமொன்றை இன்று ஒருவர் தேடி எடுத்தல் இயலும். ஆனால் ஒஸ்ரின் கம்பனியின் சிற்றேடு லோங்பிரிட்ஜிலிருந்தும், மொறிஸ் கம்பனியின் சிற்றேடு ஒக்ஸ்போர்ட்டை அடுத்த கௌலியிலிருந்தும் வந்தது. அச்சிட்டவன் அங்கே, வாசித்தவன் இங்கே. எனவே எந்தக் கட்டளைச் சட்டத்தின் வலையிலும் அது அகப்படவில்லை. கப்பலிலிருந்து பெட்டியாய் இறங்கி, முகவரின் மேசைக்குப் போய், அங்கிருந்து வீடுகளுக்குப் போய், ஈற்றிற் போத்தல் கடுதாசிக்காரனின் சாக்கிற் சேர்ந்து கச்சான் சுருளாயிற்று.

அங்கே உண்டே என்பார்க்கும் விடை கூற வேண்டும். உண்டுதான். இங்கிலாந்தின் பியூலி என்னும் ஊரிலே மொன்ரேகு பிரபு 1952இல் தொடங்கிய மோட்டார் நூதனசாலையிலும், அமெரிக்காவின் டிற்றோயிற், பிலடெல்பியா நகரங்களின் பொது நூலகங்களிலும் இத்தகைய சிற்றேடுகளை மலைபோற் குவித்து வைத்திருக்கின்றனர். ஆயின் அவை தூய பிரதிகள். கொழும்பு முகவரின் முத்திரை அவற்றில் இல்லை. எம்மவர் கைபட்ட அழுக்கும் இல்லை. எமக்கு வேண்டியது அந்த அழுக்கேயாம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறிய பெரியவர் ஒருவர் முகத்துவாரத்தில் இருந்தார், இப்பொழுது இல்லை. தம் வாழ்நாளில் ஒரு காரையேனும் சொந்தமாக வைத்திருந்தவரல்லர். பஸ்ஸிலும் கால்நடையாகவுமே கந்தோருக்குப் போய்வந்தார். ஆயினும் தகரப் பெட்டியொன்றிலே சிற்றேடுகளைக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் வண்டியினது. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட வண்டி, 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 42 குதிரைவலு. அதன் கடைசிப் பக்க ஓரத்திலே நீலப் பென்சிலாற் கணக்கொன்று எழுதியிருந்தார்: வண்டியின் விலை, காப்புறுதி, ஆண்டு அனுமதிப் பணம், மாதப் பெற்றோல் செலவு; அப்பால் மாதச் சம்பளம்; கழித்தல்; கழித்ததன் மேல் மீண்டும் ஒரு கழித்தல். அதற்குக் கீழே சிறிய எழுத்திலே தமிழில் ஒரே வரி: “மூத்தவள் காரியம் முடிந்தபின் பார்க்கலாம்.”

பியூலியில் உள்ள பிரதியில் இவ்வரி இராது. நடுத்தரத் தமிழ் உத்தியோகத்தன் ஒருவனின் வரவும் செலவும், ஆசையும் கடமையும் ஒரு விரற்கடை இடத்தில் அடங்கிக் கிடத்தலை வேறெந்தச் சாசனத்திற் காண்போம்? அவன் நாட்குறிப்பு எழுதவில்லை, சுயசரிதை எழுதவில்லை. விளம்பரக் கடுதாசியின் ஓரத்திலே கணக்குப் பார்த்தான்.

நிற்க. சிற்றேடுகளை வாங்கியவர் யாவரும் காரை வாங்க எண்ணியவரென்று கொள்ளலாகாது. 1950களின் கடைசியில் எம் வகுப்பிலே பரவியிருந்த ஒரு பழக்கத்தைப் பழைய மாணவர் பலர் நினைவு கூர்வர். ஆங்கிலப் பாடத்திலே கடிதம் எழுதக் கற்றவுடன், மாணவர் சிலர் தாமே முத்திரை வாங்கி, சீமைக் கம்பனிகளுக்கு எழுதத் தொடங்கினர். ஆறேழு வாரத்திற் சிற்றேடு வந்து சேரும். அதனுடன் தட்டச்சிட்ட மடலொன்றும் வரும். அதிலே பதின்மூன்று வயதுச் சிறுவனை “அன்புள்ள ஐயா” என்று விளித்திருப்பர். அவனை வாழ்க்கையில் முதன்முதலாக ஐயா என்று அழைத்தவர் அக்கம்பனியாராகவே இருந்திருப்பர். ஒரு முறை, வந்த கடிதத்தை அக்கம்பனியார் கொழும்பு முகவருக்கு அனுப்பிவிட, விற்பனை உத்தியோகத்தர் ஒருவர் வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப் பட்டியுமாகக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றிலே வீட்டிலக்கம் பார்த்து வந்து, “பெரியவர் இருக்கிறாரா?” என்று வினவினார். வெளியே வந்தவர் அரைக்காற்சட்டைக்காரர். உள்ளே நிகழ்ந்ததை அந்த நண்பர் இன்றளவும் முழுமையாகக் கூறியதில்லை.

வேடிக்கை ஒருபுறமிருக்க, அச்சிற்றேடுகளிலிருந்து அம்மாணவர் கற்றது சிறிதன்று. பெரும்பாலான சிற்றேடுகளில் ஆண்டு குறிக்கப்படுவதில்லை. அடியிலே பொடி எழுத்தில் வெளியீட்டு எண் மட்டும் இருக்கும். ஆகவே படத்தை உற்றுநோக்கியே காலங் கணிக்க வேண்டும். மொறிஸ் மைனர் வண்டி 1948இல் வெளிவந்தபோது அதன் முன்விளக்குகள் கீழே கம்பியடைப்பின் இருமருங்கும் இருந்தன; சில ஆண்டுகளில் அவை மேலே சேற்றுத் தடுப்புக்கு ஏறின. முன்கண்ணாடி இரண்டு துண்டாயிருந்தது; 1956இல் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் மைனர் 1000 வந்தபோது ஒரே கண்ணாடியாயிற்று. இவ்வாறு உறுப்புகளைக் கொண்டு காலத்தை அறிதல், எழுத்தின் வடிவங் கொண்டு சாசனத்தின் காலத்தை அறிதற்கு ஒப்பான பயிற்சியேயாம். வரலாற்றாசிரியர்கள் இதனை வகுப்பறையிற் பயன்படுத்தலாகாதா?

காரின் கதை பின்னர் வேறொரு திசையிற் சென்றது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. புதிய கார் அரிதாயிற்று. ஆகவே புதிய சிற்றேடும் அரிதாயிற்று. 1977இன் பின் வாயில் திறந்தபொழுது பெருவாரியாக வந்தவை யப்பான் வண்டிகள். அவற்றுள் பல அங்கே ஓடிய பழைய வண்டிகள் ஆதலின் சிற்றேடின்றியே வந்தன. எனவே எம் நாட்டிற் சிற்றேடுகளின் பொற்காலம் என்பது ஏறத்தாழ யுத்தம் முடிந்த 1945 முதல் 1960 வரையிலான பதினைந்தாண்டே. அக்காலத்துப் பிரித்தானிய அரசு உருக்கை ஏற்றுமதிக்காரருக்கே முதன்மையாகப் பங்கிட்டமையால், தம் நாட்டு மக்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க, வண்டிகள் எமது துறைமுகத்தில் இறங்கின. அண்மையிலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. கார் வாங்க இயலாதார் காரின் படத்தைப் பார்த்திருத்தல் எமக்குப் புதிதன்று என்க.

இறக்குமதி நின்ற காலத்திலேதான் சிற்றேட்டின் கடைசிப் பக்கம் மதிப்புப் பெற்றது. பஞ்சிகாவத்தையிலே உதிரிப்பாகந் தேடுவோர்க்கு அந்த அட்டவணை கையேடாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் இல்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வாடகைக் கார்களைச் சிறு போத்தலிற் பேணிய துளிப் பெற்றோலால் இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அஃது எவ்வாறு இயன்றது என்பதற்கு விடை அச்சிற்றேட்டிலேயே உண்டு. ஏ-40 இயந்திரத்தின் அமுக்க விகிதம் 7.2க்கு 1 என அங்கே அச்சிட்டிருப்பர். அமுக்கங் குறைந்த இயந்திரம் தரங்குறைந்த எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அமுக்கம் மிக்க புதிய இயந்திரமோ தட்டத் தொடங்கிவிடும். விளம்பரம் எழுதிய லோங்பிரிட்ஜ் எழுத்தர் இப்பயனைக் கனவிலும் கண்டிரார்.

அடுத்துக் கூறப்போவது மகிழ்ச்சியான செய்தியன்று. சிற்றேட்டுப் படங்களிற் காரின் இலக்கத்தகடு பெரும்பாலும் வெறுமையாய் இருக்கும். அல்லது வண்டியின் பெயரே அங்கே எழுதப்பட்டிருக்கும். புதிதாக வாங்கியவர் சிலர் அவ்வெறுமையில் தம் பதிவிலக்கத்தை மையால் எழுதி மகிழ்ந்தனர். 1950களின் பிற்பகுதியிலே இலக்கத்தகட்டிற் சிங்களச் ‘சிறீ’ எழுத்துப் புகுத்தப்பட்டதும், 1958இல் அவ்வெழுத்துக்குத் தார் பூசிய போராட்டமும், அவ்வாண்டு மே மாதத்துக் கலவரமும் யாவரும் அறிந்தவை. யான் கண்ட சிற்றேடொன்றில், தகட்டில் இலக்கத்தை மட்டும் எழுதி எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருந்தார் உரிமையாளர். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. 1983 யூலையிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபொழுது வாயிலில் நின்ற வண்டிகளும் எரிந்தன. பதிவுப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், குடும்பப் படங்கள் யாவும் சேர்ந்தே போயின. சில குடும்பங்களிலே, ஊருக்கு அனுப்பிய பெட்டியொன்றில் அகப்பட்டுக் கிடந்த சிற்றேடொன்றே “எங்களிடமும் கார் இருந்தது” என்பதற்கு எஞ்சிய சான்று. மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அதனை எடுத்துக் காட்டுகின்றனர்.

இனி, மறுப்புரைகள். விளம்பரம் பொய் பேசும். பொய்யைப் பேணுவானேன் என்பார் உளர். பொய் பேசும் என்பது உண்மையே. ஓவியர்கள் காரை இழுத்து நீட்டி, உள்ளிருக்கும் மாந்தரைச் சுருக்கி வரைந்தனர். 1960களில் அமெரிக்கப் பொன்ரியாக் கம்பனிக்கு வரைந்த பிற்ஸ்பற்றிக், கௌப்மன் என்னும் இருவரும் காரை அகட்டி வரைவதையே ஒரு கலையாக்கினர். பிரித்தானியச் சிற்றேடுகளோ கையுறை அணிந்த சீமாட்டிகளையும் வேட்டைநாய்களையும் பனிபடர்ந்த குன்றுகளையும் காட்டின. யான் பார்த்தவற்றுள் வேட்டி கட்டிய ஒருவரேனும் சாரதி இருக்கையில் இருக்கக் கண்டிலேன். தமிழில் அச்சான ஒன்றும் கண்டிலேன். ஆயின் பொய்ச்சாட்சியும் சாட்சியே. எம்மவர்க்கு எதனைக் காட்டினால் ஆசை பிறக்குமென்று விற்போன் எண்ணினான் என்பதை அவனுடைய பொய்யே தெளிவாக உணர்த்தும். டெவன், சமர்செற், கேம்பிரிட்ஜ் என்பன எவ்விடத்துப் பெயர்கள் என்றறியாமலே எம் தந்தையர் அப்பெயர்களைக் குடும்பத்துப் பெயர்போல் வழங்கினர். “எங்கட சமர்செற்” என்று கூறிய பாட்டியாரை யான் அறிவேன். இந்த வரலாற்றை வேறெங்கே தேடுவது?

செல்வர் பொழுதுபோக்கு என்பது மற்றொரு மறுப்பு. பழைய காரைச் சேர்ப்பது செல்வர் பொழுதுபோக்கு. கூரையும் வேண்டும், கம்மியனும் வேண்டும். இலவசமாகக் கிடைத்த கடுதாசியைச் சேர்ப்பதற்குத் தகரப் பெட்டி போதும். முகத்துவாரத்துப் பெரியவரே இதற்குச் சான்று.

ஆயின் சேர்ப்போரிடத்தும் ஒரு குறை கூற வேண்டும். இன்று வெளிநாடுகளிற் சிற்றேடுகளுக்கு விலை உண்டு. மடிப்பும் எழுத்துமில்லாத பிரதிக்கே கூடிய விலை. ஆதலின் வாணிக நோக்குடையார் சிலர் பென்சில் எழுத்தை அழிக்கின்றனர். முத்திரை பதிந்த பக்கத்தைக் கிழித்தெறிகின்றனர். வண்ணப் படத்தை மட்டும் வெட்டிச் சட்டமிட்டு விற்கின்றனர். இது மெய்யை எறிந்துவிட்டுச் சட்டையை வைத்துக்கொள்ளும் செயல். எனக்கு இதில் உடன்பாடில்லை, கடுமையாகவே கூறுகின்றேன்.

குப்பையென்று தள்ளப்பட்டதைச் சேர்த்தவர் இருவரை இங்கே கூறுதல் தகும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து அச்சகத் தலைவராயிருந்த ஜோன் ஜோன்சன் என்பார் இளமையில் எகிப்து நாட்டிலே பண்டைக் குப்பைமேடுகளைக் கிளறிப் பாப்பிரசு ஏடுகளைத் தேடியவர். ஈராயிரமாண்டுக் குப்பை அறிவுச் செல்வமாயின், இன்றைய குப்பையையும் ஏன் காத்தலாகாது என்று எண்ணி, விளம்பரங்கள், விலைப்பட்டிகள், சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டினார். அத்தொகுதி 1968இல் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தது. எம்மவருள், கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களும் இதழ்களுமாக ஓரிலட்சம் அளவிற் சேர்த்ததோடு, நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் விடாது திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியைப் பெற்று, 1994இற் சென்னையிலே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தது. இருவரும் பணம் மிக்கவராய் இருந்தமையால் இதனைச் செய்யவில்லை. எறிய மனம் வராமையாற் செய்தனர்.

வீட்டில் ஏதேனும் எஞ்சியிருக்குமாயின், அதனைக் காக்கும் முறையைச் சுருங்கக் கூறுவேன். கடற்காற்றுப் படும் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் முதலிற் கெடுவது தாளன்று, தைத்த கம்பி. துரு பரவித் தாளைத் தின்னும். கம்பியை மெல்ல நீக்கி நூலாற் கட்டுக. வழுவழுப்பான தாள் களிமண்ணும் பசையுங் கலந்து பூசப்பட்டது. நனைந்து உலர்ந்தால் ஏடுகள் ஒட்டிக் கல்லாகிவிடும். வெள்ளநீர் பட்டதாயின் உலர்வதற்கு முன்பே ஏடுகளைப் பிரித்திடல் வேண்டும், உலர்ந்தபின் இழுத்தலாகாது. கடையில் விற்கும் மலிவான பிளாஸ்ரிக் உறை மையைப் பெயர்த்தெடுக்கும். வெள்ளைத் தாளுறையே நன்று. இராமபாணப் பூச்சிக்கு இருளும் ஈரமும் பிடிக்குமாதலின், பெட்டியை ஆண்டுக்கு இருமுறை திறந்து காற்றாட விடுக.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிந்தபின், ஓரிடத்திற் குவித்தல் மட்டும் காவலாகாது என்பதை நாம் அறிந்துகொண்டோம். 2005 முதல் நூலக நிறுவனத்தார் ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிம வடிவிற் பேணி வருகின்றனர். நினைவு மலரும் துண்டுப் பிரசுரமும் அவர்கள் திரட்டில் உண்டு. தமிழ்க் குறிப்பெழுதிய ஆங்கிலச் சிற்றேட்டையும் அவ்வகையிற் சேர்த்தல் தகும் என்பதே என் கருத்து.

எமது பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொதுக்கூட்டத்தன்று மண்டப வாயிலிலே ஒரு மேசையும் வருடி இயந்திரமொன்றும் வைத்து, அதனை இயக்க உயர்வகுப்பு மாணவர் இருவரை அமர்த்துக. அங்கத்தவர் தம்மிடமுள்ள சிற்றேடுகளைக் கொண்டுவந்து, பிரதி எடுத்தவுடன் மூலத்தைத் திரும்பப் பெற்றுச் செல்லலாம். எவரும் எதனையும் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொன்றினோடும் வேறொரு தாளிலே, அது யாரால் எவ்வாண்டு எவ்வீதியிலுள்ள காட்சிச்சாலையிற் பெறப்பட்டது, கார் பின்னர் வாங்கப்பட்டதா இல்லையா என்பவற்றை எழுதுவிக்க வேண்டும். வாங்கப்படாதவற்றின் காரணத்தையும், கூற விரும்புவோரிடம் கேட்டு எழுதுக.